ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு 5 நாள்: பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போகும்போது

கேள்வி சுருக்கமாக இது: ஜூலைப் பள்ளி விடுமுறை, ஜோகன்னஸ்பர்கிலிருந்து சொந்தக் காரில் டர்பன், கையில் 5 நாள். சென்னையிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா உடன் வருகிறார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது, சைவம், அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 6 வயதும் 11 வயதும். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். டர்பன் காலை நேரத்து ஊர். ஜூலையில் சூரியன் 6:50 வாக்கில் கடலுக்கு மேல் எழும், மாலை 5:10க்கெல்லாம் மறைந்துவிடும். குளிர்காலக் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசுவதால் அலை ஒழுங்காக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் காற்று திசை மாறி மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆகவே கடலும் வெளியிடங்களும் காலைக்கு, கூரைக்குக் கீழே உள்ளவை மதியத்துக்கு, இருட்டுமுன் தங்குமிடம் என்று வகுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜோகன்னஸ்பர்க் பழக்கத்தில் 10 மணிக்கு எழுந்து 11 மணிக்குக் கிளம்பினால், நல்ல நேரம் போன பிறகுதான் கடற்கரைக்குப் போய்ச் சேருவீர்கள். ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்று, சின்ன இடம் ஒன்று போதும். மூன்றாவதைச் சேர்த்தால் அம்மாவின் முழங்காலும் சின்னவனின் பொறுமையும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோகும்.

தேதி பார்க்கும்போது ஜூலை முதல் சனிக்கிழமையைத் தவிர்க்கப் பாருங்கள். அன்று கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். அந்த வாரக் கடைசியில் அறை வாடகை ஏறும், மைதானத்தை ஒட்டிய பெரியா, மார்னிங்சைட் பகுதிகளின் சாலைகள் அடைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை வந்தால் ஊர் மூச்சு விடும்.

என்3 நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 570 கி.மீ. ஓட்டும் நேரம் மட்டும் 6 மணி, நிறுத்தங்களோடு 8 என்று வையுங்கள். டி ஹூக், வில்கே, டுகேலா, மூயி ரிவர், மரியன்ஹில் என ஐந்து சுங்கச்சாவடிகள் வரும். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பும் வழக்கம் பலருக்கு உண்டு. ஜூலையில் அது வேண்டாம். வான் ரீனன் கணவாயில் விடியற்காலை மூடுபனி இறங்கினால் முன்னே போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது, அந்தச் சரிவில் லாரிகள்தான் அதிகம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்கு மேல் கணவாயை அடைவீர்கள், பனி பெரும்பாலும் விலகியிருக்கும். 2024 செப்டம்பரில் பெய்த பனிப்பொழிவில் இந்தப் பகுதியில் சாலை மூடப்பட்டு, வண்டிகளுக்குள்ளேயே பலர் இரவைக் கழிக்க நேர்ந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் வானிலையையும் சாலை நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கம்பளி, குடிதண்ணீர், பெரியவர்களின் மருந்து ஆகியவை டிக்கியில் போகாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஹாரிஸ்மித் ஏறக்குறைய நடுவழி. பெட்ரோலும் கழிப்பறையும் அங்கே சரி, ஆனால் சைவர்களுக்குச் சிப்ஸும் சீஸ் சாண்ட்விச்சும்தான் கிடைக்கும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள், இந்தக் குளிரில் மாலை வரை கெடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் டர்பனுக்கும் இடையே சாலை விரிவாக்க வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்த 80 கி.மீ. துண்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

தங்குமிடத்துக்கு டர்பன் கடற்கரைச் சாலை, வடக்கே உள்ள கடலோர ஊரான உம்லாங்கா, பெரியா மேடு என மூன்று தேர்வுகள். உம்லாங்கா சுத்தமாகவும் அமைதியாகவும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 20 கி.மீ. போய்வர வேண்டும். பெரியாவில் மரமும் நிழலும் உண்டு, கடல் கிடையாது. உங்கள் குடும்பத்துக்கு நார்த் பீச் முதல் சன்கோஸ்ட் வரையுள்ள கடற்கரைத் துண்டில் சமையலறையுள்ள ஃபிளாட்தான் பொருத்தம். பெரியவர்கள் காலையில் எழுந்து காப்பி போட்டுக் குடித்துவிட்டு லிஃப்டில் இறங்கினால் நேரே ப்ரொமனேட் என்னும் கடற்கரை நடைபாதை. கடல் பார்த்த ஜன்னலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது, வெளியே வராத மதியங்களில் அப்பாவுக்கு அதுவே பொழுதுபோக்கு. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் லிஃப்டையும் சேர்த்து ஓட்டுமா? கார் நிறுத்துமிடம் கட்டடத்துக்குள்ளேயே பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கிறதா? 12ஆம் மாடியில் அறை கிடைத்து லிஃப்ட் நின்றால் அம்மா அன்று முழுக்க மேலேயே இருக்க வேண்டியதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் பெரிய மூன்று பின் பிளக், அதாவது நம் ஊர் 15 ஆம்பியர் பிளக், இங்குள்ள பழைய பெரிய சாக்கெட்டில் நேரே பொருந்தும். சின்ன 5 ஆம்பியர் பிளக் பொருந்தாது, அதற்கு அடாப்டர் வேண்டும்.

உம்லாங்காவிலோ டர்பன் நார்த்திலோ தங்க முடிவு செய்தால் குரங்குகளை மனதில் வையுங்கள். வெர்வெட் குரங்குகள் பால்கனிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தாலும் உள்ளே வந்து வாழைப்பழத்தையும் ரொட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். உணவு காட்டிக் கூப்பிடாதீர்கள், பிள்ளைகளை முகத்துக்கு நேர் உற்றுப் பார்க்க விடாதீர்கள்.

இனிக் கடற்கரை. உஷாகா மரைன் வேர்ல்டு நிற்கும் பாயிண்டிலிருந்து வடக்கே உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூன் வரை சுமார் 8 கி.மீ. நீளத்துக்கு ப்ரொமனேட் போகிறது. அகலமான, சமதளமான நடைபாதை, படி இல்லை, வழி நெடுக உட்கார இடம் உண்டு. அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளவும் ஏற்றது. மிதிவண்டியும் நான்கு சக்கர மிதிவண்டியும் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். நான்கு சக்கர வண்டி எடுத்தால் தாத்தாவும் பேரனும் சேர்ந்து மிதிக்கலாம். 11 வயதுக்காரிக்கு நார்த் பீச் பக்கத்து ஸ்கேட் பார்க்கைக் காட்டுங்கள், ஓட்டத் தெரியாவிட்டாலும் வேடிக்கை பார்க்கவே அரை மணி போகும். பியர் என்று கடலுக்குள் நீண்டிருக்கும் மேடைகளில் நடந்தால் சர்ஃபர்கள் அலையில் ஏறுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். எல்லா இடத்திலும் தடுப்புக் கம்பி இருக்காது, சின்னவன் கையை விடாதீர்கள்.

மணலில் சிங்கமும் முதலையும் கார்களும் செதுக்கி வைத்திருப்பவர்களுக்கு அதுவே பிழைப்பு. படம் எடுத்தால் சில்லறை போட்டுவிட்டு நகருங்கள். மணியும் கொம்புமாக அலங்கரித்த ஜூலு ரிக்‌ஷாக்காரர்களும் அப்படித்தான். 1892இல் இந்த ஊருக்கு வந்த ரிக்‌ஷாக்கள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஓடின, இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏறும் முன் சவாரிக்கு எவ்வளவு, படத்துக்குத் தனியா என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். வண்டியைப் பின்னால் சாய்த்து முன்புறம் மேலே தூக்குவது அவர்கள் வழக்கமான வித்தை. பெரியவர்கள் ஏறினால் அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு நடப்பது இங்கேதான். இங்கே ஓடுவது வெப்பமான அகுல்யாஸ் நீரோட்டம். ஜூலையிலும் தண்ணீர் 21 டிகிரி அளவில் இருக்கும், காற்று பகலில் 22, 23. பிள்ளைகள் தாராளமாக இறங்கலாம். ஆனால் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும், லைஃப்கார்ட் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும். பியர்களை ஒட்டிய தண்ணீர் அலையின்றி அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அதைப் பார்த்து அங்கே பிள்ளைகளை விடுவார்கள். கரைக்கு வந்த நீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் பாதை அது, அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துபோவதுதான் ஆபத்து. மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி லைஃப்கார்டுக்குக் காட்ட வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வரலாம். இதைத் தண்ணீரில் இறங்கும் முன் பெரியவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆறு வயதுப் பையனுக்குக் கடற்கரையோரமுள்ள ஆழமில்லாத குளங்களே போதும். பராமரிப்புக்காகச் சில நாள் வடித்து வைத்திருப்பார்கள், அப்போது கணுக்கால் அளவு அலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுறா பயம் எல்லாருக்கும் இருக்கும். டர்பனில் 1952 முதல் சுறா வலை போடுகிறார்கள், இப்போது அதைக் கவனிப்பது குவாசூலு-நட்டால் ஷார்க்ஸ் போர்டு. வலை என்றால் கடலைச் சுவர் வைத்து மறைப்பது போலல்ல. துண்டு துண்டாக மிதக்கவிட்ட வலைகள், சுறா மேலேயும் கீழேயும் சுற்றியும் வர முடியும். கடற்கரைப் பக்கம் நடமாடும் சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால்தான் பாதுகாப்பு. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வடக்கு நோக்கி வரும்போது, டால்பினும் திமிங்கிலமும் சிக்காமலிருக்க வலைகளை எடுத்துவிடுவார்கள். அப்போது அந்தக் கடற்கரையில் குளிக்கத் தடை போடுவார்கள். தெற்குக் கடற்கரையில் இது அடிக்கடி நடக்கும். உங்கள் தேதியில் நடந்தால் ஏமாற்றமாக நினைக்காதீர்கள். வலை இழுத்துக் கரையில் மீனைக் கொட்டுவதையும் சனங்கள் வாளியோடு ஓடுவதையும் பார்க்கக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இன்னொன்று தண்ணீரின் சுத்தம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் பம்புகளும் சேதமானதிலிருந்து சில கடற்கரைகளை அவ்வப்போது மூடுகிறார்கள். டர்பனை நிர்வகிக்கும் எத்தேக்வினி மாநகராட்சி எந்தக் கடற்கரை திறந்திருக்கிறது என்று அறிவிக்கும், காலையில் அதைப் பாருங்கள். மழை பெய்து இரண்டு நாள் ஆகும்வரை இறங்க வேண்டாம், ஆறு கலக்கும் புளூ லகூன் பக்கம் எப்போதுமே வேண்டாம். நீலப் பை போன்ற புளூபாட்டில் ஜெல்லிகள் கரை ஒதுங்கியிருந்தால் அன்று கடலுக்குள்ளும் அவை இருக்கும். கொட்டினால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், வினிகர் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியால் அல்லது பிளாஸ்டிக் அட்டையால் எடுத்து, கடல் தண்ணீரில் அலசி, பொறுக்கும் அளவு சூடான நீரில் 20 நிமிடம் வையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே லைஃப்கார்டிடம் ஓடுங்கள்.

குளிர்காலத்தில் சில நாள் திடீரென்று 30 டிகிரி வெயில் அடிக்கும். உள்நாட்டு மலையிலிருந்து இறங்கும் பெர்க் விண்ட் அது. அதற்கு அடுத்து தென்மேற்குக் காற்று பாய்ந்து வந்து ஒரு மணி நேரத்தில் ஊரையே குளிர வைத்துவிடும், மழையும் சேரலாம். வெயிலை நம்பி ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். அப்படிக் காற்று மாறினால் மதியத்துக்கு வைத்திருந்ததை மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உஷாகா மரைன் வேர்ல்டுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், வார நாளாகப் பார்த்து. 2004இல் திறந்த இடம், பழைய கப்பல் ஒன்று கரை தட்டியதுபோல் கட்டியிருக்கிறார்கள். அதன் அடியில்தான் மீன்காட்சியகம். பெரும்பாலானவர்கள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கு நேரே நீர்ச்சறுக்குகளுக்குப் போவார்கள். ஜூலைக் காலை 9 மணிக்கு ஈர உடம்போடு காற்றில் வரிசையில் நின்றால் சின்னவன் நடுங்கி அழுவான், 11 மணிக்கே திரும்ப வேண்டியிருக்கும். வரிசையை மாற்றுங்கள். திறந்தவுடன் மீன்காட்சியகம், அப்போது கண்ணாடிக்கு முன் கூட்டம் இருக்காது. அடுத்து டால்பின் காட்சி, 20 நிமிடம் முன்னதாகப் போய்ப் பெரியவர்களை மேல் வரிசையில் உட்கார வையுங்கள், கீழ் வரிசைகளில் தண்ணீர் தெறிக்கும். வெயில் ஏறிய பின், 12 முதல் 2:30 வரை சறுக்குகள். உயரக் கட்டுப்பாடு உண்டு, வீட்டிலேயே இருவரின் உயரத்தையும் அளந்து வைத்துக்கொண்டால் வரிசை முனையில் அழுகை மிச்சம். குளிர்காலத்தில் நீர்ச்சறுக்குப் பகுதி எல்லா நாளும் திறப்பதில்லை, டிக்கெட் வாங்கும் முன் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். தாத்தா பாட்டிக்கு மீன்காட்சியக டிக்கெட் மட்டும் எடுத்தால் போதும், கூட்டு டிக்கெட் அவர்களுக்குத் தேவையில்லை. அவர்கள் மதியத்தில் கடைத்தெருப் பகுதியில் உட்கார்ந்திருக்கலாம், அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.

தாவரவியல் பூங்காவை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பெரியவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் நினைவில் வைத்திருக்கப்போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும். 1849இல் தொடங்கியது, ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்றும் இயங்கும் தாவரவியல் பூங்காக்களில் இதுவே மூத்தது. நுழைவு இலவசம். இங்கே வுட்ஸ் சைகாட் என்ற மரம் இருக்கிறது. 1895இல் ஜான் மெட்லி வுட் என்பவர் எங்கோயே காட்டில் ஒரே ஒரு ஆண் மரத்தைக் கண்டார், பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகில் வேறெங்கு இந்த மரம் இருந்தாலும் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்ததுதான். இந்தக் கதையை 11 வயதுப் பெண்ணுக்கு மரத்தின் முன் நிறுத்திச் சொல்லுங்கள். ஆர்க்கிட் வீடு, ஏரி, தேநீர் விடுதி எல்லாம் மெதுவாக நடக்கும் தூரத்தில். அங்கிருந்து சிறிது தூரத்தில் மிட்செல் பார்க். அல்டாப்ரா ராட்சத ஆமைகளும் நல்ல விளையாட்டுத் திடலும் இருக்கின்றன, சின்னவனுக்கு அதுவே போதும்.

மோசஸ் மபிதா மைதானத்தின் வளைவு 106 மீட்டர் உயரம், 2010 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. வளைவின் மேல் ஏறும் ஸ்கைகார் ஓடினால் துறைமுகமும் கடற்கரையும் ஒரே பார்வையில் தெரியும். காற்று பலமாக இருந்தாலோ பராமரிப்பு நடந்தாலோ ஓடாது. தொலைபேசியில் உறுதி செய்யாமல் அதற்கென்று போகாதீர்கள்.

மழை வந்தால் சிட்டி ஹாலில் உள்ள இயற்கை அறிவியல் அருங்காட்சியகம். 1910இல் முடிந்த கட்டடம், பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தைப் பார்த்துக் கட்டியது. உள்ளே டோடோ பறவையின் எலும்புக்கூடும் எகிப்திய மம்மியும் உண்டு. வார நாள் காலையில் போய் மதியத்துக்குள் திரும்புங்கள், மாலையில் நகர மையத்தில் நடமாட வேண்டாம். கேட்வே மாலில் முழு மழை நாளைக் கழிக்கலாம், ஆனால் ஜோகன்னஸ்பர்கில் இல்லாத எதுவும் அங்கே இல்லை.

இனிக் கோயில்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு இந்தத் துறைமுகத்தில் வந்து நின்றது. 1911 வரை இப்படிக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர், பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அவர்கள் எழுப்பிய கோயில்களைப் பார்க்காமல் உங்கள் பெற்றோர் திரும்பக் கூடாது. உம்கேனி ரோட்டில் உள்ள வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம் கடற்கரையிலிருந்து காரில் சில நிமிடத் தூரம். கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தின் கதவுகளைக் கவனித்துப் பாருங்கள். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய முதல் கோயில் 1905 வெள்ளத்தில் போனது. அதிலிருந்து மீட்ட கதவுகளை 1947இல் கட்டிய இந்தக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். மவுண்ட் எட்ஜ்கம்பில் உள்ள கணேசர் கோயில் 1898இல் கிஸ்தப்ப ரெட்டி கட்டியது, கரும்பாலை வேலையாட்களின் கோயில். உம்லாங்கா போகும் நாளோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கோயில்போல் காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் என்று எண்ணிப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. பல கோயில்களில் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில்தான் கூட்டம். மற்ற நாள் என்றால் முன்கூட்டிப் பேசிக்கொண்டு போங்கள். அங்கே சந்திக்கும் தமிழர்கள் தேவாரம் பாடுவார்கள், ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அப்பா தமிழில் பேச்சுக் கொடுத்து பதில் ஆங்கிலத்தில் வந்தால் மனம் சுருங்க வேண்டாம். ஐந்தாறு தலைமுறைக்குப் பிறகும், பள்ளியில் தமிழ் இல்லாத காலங்களைத் தாண்டியும், பெயரையும் காவடியையும் தீமிதியையும் விடாமல் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். எந்த ஊரிலிருந்து கொள்ளுத் தாத்தா வந்தார் என்று கேட்டுப் பாருங்கள், கப்பல் பெயரோடு சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன.

ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும். உங்கள் தேதி அதைத் தொட்டால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், இங்கே அதற்குப் போரிட்ஜ் ப்ரேயர் என்று பெயர். கேழ்வரகுக்குப் பதிலாக மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சிய கூழ், யார் போனாலும் கொடுப்பார்கள். சில கோயில்களில் கோழியும் ஆடும் பலி கொடுத்துச் சமைப்பதும் உண்டு. சைவ உணவுக்காரர்களை அழைத்துப் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். முற்றிலும் சைவமான இடம் வேண்டுமென்றால் சாட்ஸ்வர்த்தில் 1985இல் திறந்த ஹரே கிருஷ்ணா கோயில். அகழி சூழ்ந்த கட்டடம், உள்ளே சைவ உணவகம். இன ஒதுக்கல் சட்டத்தால் ஊரின் பல மூலைகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து இந்தியர்களைக் குடிவைத்த இடம்தான் சாட்ஸ்வர்த் என்பதைப் பெரியவளுக்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் பன்னி சாவ் (bunny chow) தவிர்க்க முடியாதது. பெட்டி ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றித் தருவார்கள். க்வார்ட்டர் என்றால் கால் ரொட்டி, ஒரு ஆளுக்கு அதுவே நிறைவு. உங்களுக்கு பீன்ஸ் பன்னி, அதாவது சுகர் பீன்ஸ் என்னும் புள்ளிப் பயற்றுக் குழம்பு. ஆட்டுக்கறிக் குழம்பின் கரண்டியையே இதிலும் விடுவார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். முள்கரண்டி வேண்டாம். குடைந்தெடுத்த ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தொடங்கி, சுவரை மேலிருந்து கிள்ளிக்கொண்டே இறங்க வேண்டும். அடியிலிருந்து கிழித்தால் குழம்பு மடியில். காரம் நம் வீட்டுக் காரத்தைவிடத் தூக்கல், பிள்ளைகளுக்கு மைல்டு என்று சொல்லி வாங்குங்கள். மெனுவில் ஹெர்ப்ஸ் என்று கண்டால் அது கீரை, சில்லி பைட்ஸ் என்றால் பஜ்ஜி, பக்கோடா வகை.

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாப் பொடிகளை மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். 1973 தீயில் எரிந்த பழைய இந்தியச் சந்தையின் வாரிசு. இங்குள்ள குழம்புப் பொடியில் மிளகாயும் சோம்பும் கரம் மசாலாவும் தூக்கலாக இருக்கும், சாம்பார் பொடியாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம். 100 கிராம் வாங்கிச் சமைத்துப் பார்த்துப் பிறகு அதிகம் வாங்குங்கள். பக்கத்து இறைச்சிப் பகுதியில் ஆட்டுத் தலைகள் வரிசையாக இருக்கும், அம்மாவை அந்த வாசல் வழியாக அழைத்துப் போகாதீர்கள். அதை ஒட்டிய வார்விக் சந்தைகளை, குறிப்பாக மேம்பாலத்தின் மேல் உள்ள ஜூலு மூலிகைச் சந்தையை, வழிகாட்டியோடு மட்டும் பாருங்கள். காலையில், நகை இல்லாமல், கேட்காமல் படம் எடுக்காமல். படிகளும் நெரிசலும் அதிகம், அம்மாவுக்கு ஏற்றதல்ல. அப்பாவும் பெரியவளும் போகட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் ஜோகன்னஸ்பர்க் பழக்கங்களே இங்கும் போதும். ஒன்று மட்டும் கூடுதல்: கடற்கரைக் கார் நிறுத்தங்களில் ரிமோட் சிக்னலைத் தடுத்துப் பூட்டவிடாமல் செய்யும் திருட்டு உண்டு. பட்டனை அமுக்கிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு நடங்கள்.

உம்லாங்காவுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். கலங்கரை விளக்கத்தருகே பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்தால் ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் நீர் பீய்ச்சுவது தெரியும். காற்று எழும் முன், வெள்ளை நுரை இல்லாத கடலில்தான் கண்ணில் படும், பைனாகுலர் எடுத்து வாருங்கள். ஷார்க்ஸ் போர்டில் சில நாட்களில் சுறாவை அறுத்துக் காட்டும் நிகழ்ச்சி நடக்கும். பெரியவளுக்கு நல்ல பாடம், ஆனால் இரத்தமும் வாடையும் உண்டு. சின்னவனும் பாட்டியும் வெளியே இருக்கட்டும்.

காந்தி தொடர்பான இடங்களைப் பெற்றோர் கேட்பார்கள். 1904இல் அவர் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு இனாண்டாவில் இருக்கிறது. 1985 கலவரத்தில் அழிந்து, மீண்டும் கட்டி 2000இல் திறந்தார்கள். அருகிலேயே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி, 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்வின் முதல் வாக்கைப் போட்ட இடம். இரண்டுக்கும் சேர்த்து அரை நாள், பதிவு பெற்ற வழிகாட்டியோடு போங்கள். 5 நாளில் இடம் இல்லையென்றால் இதை விட்டுவிட்டு, திரும்பும் வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ளதைப் பார்க்கலாம். ஃலூலூவே காட்டையும் இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஒரு வழிக்கே 3 மணி நேரத்துக்கு மேல், ஒரே நாளில் போய்வந்தால் பெரியவர்கள் படுத்துவிடுவார்கள்.

ஐந்தாம் நாள் காலை 7 மணிக்கு டர்பனை விட்டால் 9 மணிக்குள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நடைமேடையில் கல்வெட்டு இருக்கிறது. காரில் ஒருவர் இருக்க மற்றவர்கள் போய்வாருங்கள். அங்கிருந்து ஹோவிக், 95 மீட்டர் அருவியை மேலேயுள்ள பார்வை மேடையிலிருந்தே பாருங்கள், கீழே இறங்கும் பாதை வேண்டாம். பிறகு ஆர்103 சாலையில் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடம். 50 எஃகுத் தூண்களை நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றால் வெறும் கம்பிகள், பாதையில் குறித்த இடத்தில், சுமார் 35 மீட்டர் தள்ளி நின்றால் அவர் முகமாகக் கூடும். சின்னவனை முன்னும் பின்னும் நடக்கவிட்டு முகம் எப்போது தெரிகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 11:30க்கு அங்கிருந்து என்3 ஏறிவிட்டால் வான் ரீனனை வெளிச்சத்திலேயே தாண்டி, மாலை 5:30 வாக்கில் வீடு. ஹாரிஸ்மித்தில் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஹைவெல்டு என்னும் மேட்டுநிலத்தில் குளிர் சட்டென்று இறங்கும். பெரியவர்களின் கம்பளியை அங்கேயே எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.